பால்மரமும் பாக்டீரியாவும் – மஞ்சள் நிறம் கற்பிக்கும் பாடம்

பாகான் செராய் வட்டாரத்தில் பால்மரக்காட்டிற்கும் நெல்வயலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவச் செல்வோர், தோட்டத்தின் எல்லையைக் கடந்தால் கிரியான் பாசன வயல்களைக் காண்பர். 1906ஆம் ஆண்டில் நிறைவுற்ற புக்கிட் மேரா நீர்த்தேக்கம் அவ்வயல்களுக்கு நீரளித்து வருகிறது. மரத்தின் பாலையும், நெல்லையும், நம் கண்ணொளியையும் இணைக்கும் நிறம் ஒன்று உண்டு. அதனைப் பற்றியதே இப்பாடம்.

மங்கில் தெரியும் மஞ்சள்

சில மரங்களின் பால் தூய வெண்மையாக இராமல் சற்றே மஞ்சளாக இருப்பதை நாம் கண்டிருப்போம். கரோட்டினாய்டு என்னும் நிறமிகளே அதற்குக் காரணம். பப்பாளிப் பழம், பூசணி, கேரட், செம்பனைப் பழம் ஆகியவற்றிற்கு நிறம் தருபவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

ரப்பரும் இந்நிறமியும் உறவினர் என்று கூறினால் வியப்பாக இருக்கலாம். ஐந்து கரி அணுக்கள் கொண்ட ஒரே வகைச் செங்கல்லைக் கொண்டுதான் மரம் இவ்விரண்டையும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கான கற்களை நீளமாகக் கோத்தால் ரப்பர். எட்டே கற்களைச் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் கரோட்டின்.

பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. மங்கிய ஒளியில் கண் பார்ப்பதற்கு இச்சத்து இன்றியமையாதது. இது குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். மேலும் குறைந்தால் கருவிழி கெட்டுக் குருடாகவும் நேரும். நோய்களை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும்.

பாக்டீரியா ஓர் ஆலை

செடிகளின்மேல் வாழும் எர்வினியா என்னும் பாக்டீரியா இயற்கையிலேயே மஞ்சள் நிறமுடையது. 1990ஆம் ஆண்டில், ஜப்பானிய அறிஞர் நோரிஹிகோ மிசாவாவும் அவருடைய குழுவினரும், அதன் நிறமியை உண்டாக்கும் மரபணுக்களை ஆராய்ந்து, அவற்றை நிறமற்ற ஈ. கோலி என்னும் பாக்டீரியாவினுள் செலுத்தினர். நிறமற்றது நிறம் பெற்றது.

இது எவ்வாறு நடைபெறுகிறது? நம் ரப்பர் ஆலையை நினைத்துப் பார்ப்போம். ஒருவர் பாலில் அமிலம் கலக்கிறார். மற்றொருவர் கட்டிய பாலை உருளையில் இடுகிறார். வேறொருவர் புகையறையில் தொங்கவிடுகிறார். அவரவர் வேலையை அவரவர் செய்தால்தான் ஷீட் உருவாகும். பாக்டீரியாவினுள் இத்தகைய தொழிலாளர்களே நொதிகள். ஒவ்வொரு நொதியையும் அமைப்பதற்கான கட்டளையே மரபணு. அம்மரபணுக்களை வெட்டி எடுத்து, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் ஒட்டி, புதிய பாக்டீரியாவினுள் புகுத்துகின்றனர்.

ஈ. கோலியிடம் செங்கற்கள் முன்பே உண்டு. புதிதாய் வந்த நொதிகள் அவற்றைச் சேர்த்து, முதலில் நிறமற்ற ஃபைட்டோயீன் என்னும் பொருளை ஆக்குகின்றன. அடுத்த நொதி அதனைத் தக்காளியின் சிவப்பாகிய லைகோபீனாக மாற்றுகிறது. அதற்கடுத்த நொதி இரு முனைகளையும் வளைத்துப் பீட்டா கரோட்டின் ஆக்குகிறது. கடைசி ஆள் வேலைக்கு வராவிட்டால் நிறம் சிவப்போடு நின்றுவிடும்.

எனினும், பாக்டீரியாவிடம் அளவின்றி நிறமியை எதிர்பார்க்க இயலாது. தன் உயிர்வாழ்வுக்கு வேண்டிய பொருளிலிருந்தே அது நிறமியைச் செய்கிறது. அதனைச் சேமிக்கும் இடமும் குறைவு. அளவுக்கு மீறிச் சீவிய மரம் பட்டை வறண்டு பால் தராமற் போவதை நாம் அறிவோம். ஆகவே, செங்கற்களைக் கூடுதலாகப் பெறவும், நிறமியைத் தேக்கவும் அறிஞர்கள் வழி தேடி வருகின்றனர்.

நெல்லில் புகுந்த மரபணு

எர்வினியாவின் மரபணு ஒன்று நெல்லுக்குள்ளும் சென்றது. இங்கோ போட்ரிகஸ், பீட்டர் பேயர் ஆகிய இருவரின் தலைமையில் உருவான 'பொன்னரிசி' 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாடு 2021இல் அதனைப் பயிரிட அனுமதித்தது. 2024இல் அந்நாட்டு நீதிமன்றம், பாதுகாப்பைப் பற்றிய ஐயங்களைக் குறிப்பிட்டு, அவ்வனுமதியை நீக்கியது. அறிவியலில் வெற்றி கண்ட ஒன்று மக்களின் தட்டை அடையுமுன் கடக்க வேண்டிய வழி நெடியது என்பதற்கு இதுவே சான்று.

சிறிதளவு செய்த பெருநன்மை

இச்சத்தின் அருமையைத் தமிழ் மண்ணிலேயே கண்டறிந்தனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவர் குழுவினரும், திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடையே ஆய்வு நடத்தினர். குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' கொடுக்கப்பட்டது. அவர்களிடையே மரணம் பாதிக்கு மேல், அதாவது 54 விழுக்காடு, குறைந்தது. 1990ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. கொடுக்கப்பட்ட அளவோ உணவிலிருந்தே பெறக்கூடியது.

நாம் செய்ய வேண்டியது

பொன்னரிசிக்காகவோ, பாக்டீரியா தரும் நிறமிக்காகவோ நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டின் பின்புறத்தில் ஒரு முருங்கையும், ஒரு பப்பாளியும், ஒரு பாத்திக் கீரையும் வளர்ப்போம். கீரையில் கரோட்டின் உண்டு. பச்சை நிறம் அதனை மறைத்திருக்கிறது. கரோட்டின் கொழுப்பில் கரைவதாகையால், சிறிது எண்ணெயில் வதக்கி உண்பதே பயன் தரும். செம்பனை எண்ணெய் இயற்கையில் சிவந்தது. சுத்திகரித்து வெளுக்கும்போது அந்நிறம் போய்விடுகிறது. நிறம் நீக்கப்படாத செந்நிற எண்ணெய் கிடைப்பின் அதுவும் நன்று.

வைட்டமின் 'ஏ' மாத்திரைகளை நாமாக வாங்கி விழுங்குதல் ஆகாது. அளவு மீறினால் தீங்கு; கருவுற்ற தாய்மாருக்கு மேலும் தீங்கு. அந்திப்பொழுதில் குழந்தை தட்டுத் தடுமாறினால், அதனைக் குறும்பு என்று எண்ணி அதட்டாமல், உடனே மருத்துவரிடம் காட்டுவோம்.

விடியுமுன் காட்டிற்குச் செல்லும் நமக்குக் கண்ணின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகளின் கண்ணொளியைக் காக்கும் பணியை இன்றைய குழம்புச் சட்டியிலிருந்தே தொடங்குவோமாக.