இ-இன்வாய்ஸ் நிரல் எழுதுபவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

நாட்றம்பள்ளியில் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வரை ஷூ கம்பெனிகளும் டேனரிகளும்தான் பிழைப்பு. சாயங்காலம் லாரி கிளம்ப, அட்டைப்பெட்டி கட்டி முடித்தால் மட்டும் போதாது. இன்வாய்ஸ் அரசு போர்ட்டலில் பதிவாகி, க்யூ.ஆர். கோடோடு திரும்பி வரவேண்டும். 2018 ஏப்ரல் 1-ல் இ-வே பில் வந்தது. 2020 அக்டோபர் 1-ல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கட்டாயம். ஏற்றுமதி பில்லுக்கும் உண்டு. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் நிரல் எழுதி அனுப்புகிறார்கள். அப்படி எழுதித் தரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள். பைத்தானின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்தை வைத்துச் சொல்கிறேன். மற்ற மொழிக்காரர்களுக்கும் கடைசியில் நாலு வரி இருக்கிறது.

1. ஒரு கனெக்‌ஷன் திறக்க என்ன செலவாகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். பில் கிளம்புவதற்கு முன்பே டி.சி.பி.க்கு ஒரு சுற்று, டி.எல்.எஸ். 1.2-க்கு இரண்டு சுற்று என உங்கள் கம்ப்யூட்டரும் சர்வரும் பேசி முடிக்கவேண்டும். 2018-ல் வந்த டி.எல்.எஸ். 1.3 என்றால் இரண்டுக்குப் பதில் ஒன்று. அதற்குப் பிறகுதான் பில் போய் பதில் வர ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 50 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். பழைய 1.2-ல், பில்லுக்குப் பில் புதுக் கனெக்‌ஷன் திறந்தால் 300 பில்லுக்குப் போக்குவரத்துக்கு மட்டும் 60 செகண்ட். ஒரே கனெக்‌ஷனில் அனுப்பினால் 15 செகண்டுக்குக் கொஞ்சம் மேல். சர்வர் பில்லைச் சரிபார்க்கும் நேரம் இரண்டிலும் தனி. சென்னைப் பெரியமேட்டு வியாபாரிக்குப் போன் போட்டு இருபது ஐட்டத்துக்கு விலை கேட்பவர், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் போனை வைத்துவிட்டு மறுபடி டயல் பண்ணுவாரா? 1997-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 முதலே, யாரும் மூடச் சொல்லாதவரை கனெக்‌ஷன் திறந்தே இருக்கும் என்பதுதான் வழக்கம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் நிரல்தான்.

2. கெடுக்கும் இடம் இது: லூப்புக்குள்ளே ‘ரிக்வெஸ்ட்ஸ் டாட் போஸ்ட்’ என்று நேரடியாக எழுதுவது. அந்த ஒரு வரி உள்ளுக்குள் ஒரு செஷனைத் திறந்து, பில்லை அனுப்பி, உடனே மூடிவிடும். லூப் சுற்றும் ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கும். செஷனை லூப்புக்கு வெளியே, மேலே, ஒரே ஒரு தடவை உண்டாக்குங்கள். உள்ளே அந்தச் செஷனின் ‘போஸ்ட்’டைக் கூப்பிடுங்கள். ‘வித்’ போட்டுத் திறந்தால் வேலை முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு வரி மாற்றம்தான். மற்றக் குறிப்புகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

3. மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதாது, கண்ணால் பாருங்கள். லாகிங்கை ‘டீபக்’ நிலைக்கு வைத்து ஐந்து பில்லைச் சோதனைப் போர்ட்டலுக்கு அனுப்புங்கள். ‘ஸ்டார்ட்டிங் நியூ எச்.டி.டி.பி.எஸ். கனெக்‌ஷன்’ என்ற வரி ஒரே தடவை வந்து, கீழே ஐந்து ‘போஸ்ட்’ வரி இருந்தால் சரி. ஐந்து தடவையும் வந்தால் எங்கோ தவறு இருக்கிறது. அந்த வரியில் அடைப்புக்குள் ஓர் எண் வரும். 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போனால் செஷன் ஒன்றுதான், ஆனால் கனெக்‌ஷன் திரும்ப வரவில்லை என்று அர்த்தம். எல்லாம் 1 என்றே வந்தால், தடவைக்கு ஒரு செஷன் பிறந்து சாகிறது, அதாவது செஷன் இன்னும் லூப்புக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘நெட்ஸ்டாட்’ போட்டாலும் தெரியும்: ‘டைம் வெயிட்’ என்று வரிசையாகக் குவிந்திருந்தால், திறந்து திறந்து மூடியிருக்கிறீர்கள். அப்படிக் குவியும் ஒவ்வொன்றும் ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்; விண்டோஸ் இதற்கு ஒதுக்கும் போர்ட் 49152 முதல் 65535 வரை, மொத்தம் 16,384 மட்டுமே.

4. பதிலை முழுசாகப் படித்தால்தான் கனெக்‌ஷன் பூலுக்கு, அதாவது செஷன் திறந்த கனெக்‌ஷன்களைச் சேமித்துவைக்கும் இடத்துக்கு, திரும்பும். சாதாரணமாக ரிக்வெஸ்ட்ஸே படித்துவிடும். ‘ஸ்ட்ரீம்’ என்று போட்டுப் பெரிய ஃபைல் இறக்குபவர்கள் பாதியில் விட்டால், மறக்காமல் ‘க்ளோஸ்’ செய்யுங்கள்.

5. பூலின் அளவு: ரிக்வெஸ்ட்ஸில் இரண்டு எண் உண்டு, இரண்டும் தானாக 10. ‘பூல் கனெக்‌ஷன்ஸ்’ என்பது எத்தனை சர்வருக்குப் பூல் வைப்பது என்பது. ‘பூல் மேக்ஸ்சைஸ்’ என்பது ஒரு சர்வருக்கு எத்தனை கனெக்‌ஷனைச் சேமித்து வைப்பது என்பது. நிறையப் பேர் முதல் எண்ணை 100 ஆக்கிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்பார்கள். போர்ட்டல் ஒன்றுதானே, மாற்றவேண்டியது இரண்டாவது எண். 20 த்ரெட் ஓடினால் மேக்ஸ்சைஸும் 20. இல்லையென்றால் ‘கனெக்‌ஷன் பூல் ஈஸ் ஃபுல்’ என்று எச்சரிக்கை வரும். பில் போய்விடும், ஆனால் மிச்சக் கனெக்‌ஷன்கள் தூக்கி எறியப்படும். இருந்தாலும் 20 வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஷூ கம்பெனியின் ஒருநாள் பில்லுக்கு ஒரே கனெக்‌ஷன் தாராளம். பொதுச் சர்வரில் நாடு முழுவதும் வரிசையில் நிற்கிறது.

6. டைம்அவுட் போடாமல் ஒரு வரி கூட எழுதாதீர்கள். ரிக்வெஸ்ட்ஸ் தானாக எந்த டைம்அவுட்டும் வைப்பதில்லை. சர்வர் பதில் தராவிட்டால் நிரல் உட்கார்ந்தபடியே இருக்கும், டிஸ்பேட்ச் கவுன்டரில் இருப்பவருக்கு என்ன ஆனது என்றே தெரியாது. கனெக்‌ஷனுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என இரண்டு எண்ணாகக் கொடுங்கள். 5, 30 என்பது பழுதில்லாத ஆரம்பம்.

7. மறுபடி அனுப்புவதில்தான் மிகக் கவனம் தேவை. ‘ரீட்ரை’ பொருளை அடாப்டரோடு சேர்த்துவிட்டால் சர்வர் தடுமாறும்போது அதுவே திரும்ப முயற்சிக்கும். ஆனால் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த ‘போஸ்ட்’டை அது தானாக மறுபடி அனுப்பாது. காரணம் இருக்கிறது. பில் அங்கே பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி ‘போஸ்ட்’டையும் சேர்த்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே கேட்டுவிடாதீர்கள்.

இ-இன்வாய்ஸில் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஐ.ஆர்.என். என்ற 64 எழுத்து எண், விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதே பில்லை இன்னொரு தடவை அனுப்பினால் இன்னொரு எண் கிடைக்காது, ஏற்கனவே இருக்கிறது என்று பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தி வந்தால் பில் தோற்றுவிட்டது என்று சிவப்பில் காட்டி, பில் நம்பரை மாற்றிப் புதிதாகப் போடவைக்கும் நிரல்தான் உண்மையான ஆபத்து. ஒரே சரக்குக்கு இரண்டு பில் ஆகிவிடும், ஜி.எஸ்.டி. கணக்கில் வரியும் இரண்டு மடங்காக ஏறும். அதனால் டைம்அவுட் ஆனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஆவண எண்ணைக் கொடுத்து போர்ட்டலில் தேடுங்கள். இருந்தால் அந்த ஐ.ஆர்.என்.-ஐ எடுத்துப் பதியுங்கள். இல்லை என்றால் மட்டும், அதே நம்பரோடு மறுபடி அனுப்புங்கள்.

8. சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை எந்தச் சர்வரும் ரொம்ப நேரம் வைத்திருக்காது. அப்பாச்சி சர்வரின் வழக்கமான பொறுமை 5 செகண்ட், என்ஜின்எக்ஸுக்கு 75. காலையில் திறந்த செஷனில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பில் அனுப்பினால் உள்ளே புதுக் கனெக்‌ஷன்தான் திறக்கும். அது தவறில்லை, செஷன் பார்த்துக்கொள்ளும். எப்போதாவது நீங்கள் அனுப்பும் அதே நொடியில் சர்வர் மூடினால் ‘கனெக்‌ஷன் எரர்’ வரும். அப்போதும் குறிப்பு 7-ன் வரிசைதான்.

டேனரிப் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் கழிவுநீர் அளவை ஆன்லைனில் தொடர்ந்து அனுப்பச் சொன்னது. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு அளவை மட்டும் அனுப்பும் நிரலுக்குப் பூலால் லாபமே இல்லை. ஒவ்வொரு தடவையும் திறந்து மூடுவதே அங்கே சரி. ஆனால் இன்டர்நெட் போய்த் திரும்பியதும் தேங்கிய அளவுகளை மொத்தமாக அனுப்பும்போது ஒரே செஷனில் அனுப்புங்கள்.

9. ஒரு ஜி.எஸ்.டி. எண்ணுக்கு ஒரு செஷன். செஷன் கனெக்‌ஷனை மட்டும் வைத்திருப்பதில்லை, குக்கீயையும் நீங்கள் போட்ட ஹெடரையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும். ஆம்பூர் யூனிட்டின் லாகின் டோக்கன் ஒட்டிக்கொண்டிருக்க, நாட்றம்பள்ளி யூனிட் பில் அதே செஷனில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆடிட்டர் ஆபீஸில் பத்துக் கம்பெனிக்கு வேலை செய்பவர்கள் இதை எழுதி ஒட்டிவைக்கலாம். த்ரெட்டுகளுக்கிடையேயும் ஒரே செஷனைப் பகிராமல் ஆளுக்கொன்று கொடுங்கள்.

10. லாகின் டோக்கன் 6 மணி நேரம் செல்லும். பில்லுக்குப் பில் லாகின் செய்வது, கனெக்‌ஷனைத் திறந்து மூடுவதை விடப் பெரிய வீண். டோக்கனையும் காலாவதி நேரத்தையும் பத்திரமாகச் சேமித்து, முடியும் தறுவாயில் மட்டும் புதுப்பியுங்கள்.

11. மற்ற மொழிகள்: பி.எச்.பி.யில் ‘கர்ல்’ ஹேண்டிலை லூப்புக்கு வெளியே திறந்து அதையே பயன்படுத்துங்கள். டாட்நெட்டில் ‘எச்.டி.டி.பி. க்ளையன்ட்’டை ஒன்றே ஒன்று வைத்து, பூலில் கனெக்‌ஷனின் ஆயுளை இரண்டு நிமிஷம் போல வரையறுங்கள். இல்லையென்றால் சர்வரின் ஐ.பி. மாறினாலும் பழைய இடத்தையே தட்டிக்கொண்டிருக்கும். நோடில் 19-ஆம் பதிப்பிலிருந்து, கனெக்‌ஷனைத் திறந்தே வைக்கும் ‘கீப் அலைவ்’ தானாகவே உண்டு. அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் கம்ப்யூட்டரில் ஏஜென்ட்டில் நீங்களே போடவேண்டும். கோ மொழியில் ஒரு சர்வருக்கு இரண்டு சும்மா கனெக்‌ஷன்தான் இயல்பாக வைக்கும். பதிலின் பாடியைக் கடைசிவரை படித்து மூடினால்தான் அதுவும் நிலைக்கும்.

12. மாற்றத்தை மாதக் கடைசியில் செய்யாதீர்கள். 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதியவேண்டும் என்பதால், தேங்கியவையெல்லாம் அப்போதுதான் கிளம்பும். ஏற்றுமதி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, சோதனைப் போர்ட்டலில் ஓட்டி, லாகைப் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.