பயன் என்னும் அளவுகோல்

பள்ளிப் பாடங்களுள் எதனைக் கற்பது, எதனை விடுப்பது என்னும் ஆராய்ச்சி எழும்போதெல்லாம், "இதனால் யாது பயன்?" என்னும் வினாவே முன்வந்து நிற்கும். கணக்கு கடைக்கு உதவும். ஆங்கிலம் அலுவலுக்கு உதவும். அந்தாதியும் அரசர் வரலாறும் எதற்கு உதவும் என்று கேட்போர் உளர். இவ்வினாவைச் சிறுவர் விளையாட்டாகக் கேட்பர். பெற்றோர் கவலையோடு கேட்பர். அரும்பாடுபட்டு ஈட்டிய கைப்பொருளைச் செலவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒருவர் இங்ஙனம் கேட்பதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும், பயனை அளக்கும் கோல் என்றும் ஒரே நீளம் உடையதாக இருக்கின்றதா என்பது ஆராய்தற்குரியது. அதனை ஆராய்வதற்குக் காரைக்காலைப் போன்று வாய்ப்பான ஊர் வேறொன்று கிடைப்பது அரிது.

சோழநாட்டுக் கடற்கரையில், அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த பழைய துறைமுக நகரம் காரைக்கால். கிழக்கே வங்கக்கடலும் ஏனைய பக்கங்களில் தமிழ்நாடும் சூழ்ந்திருக்க, இச்சிறு நிலப்பகுதி தனித்து நிற்கின்றது. 1739-ஆம் ஆண்டில் இது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்களை நீக்கினால், 1954-ஆம் ஆண்டு வரையில் பிரெஞ்சு ஆட்சியே இங்கு நிலவியது. வீட்டிலும் வயலிலும் படகிலும் மக்கள் பேசியது தமிழ். ஆட்சி அலுவலகமும் நீதிமன்றமும் பேசியது பிரெஞ்சு. ஆதலின், பிள்ளைக்குப் பயன்படும் பாடம் யாது என்று அந்நாளில் கேட்டால், பிரெஞ்சு என்பதே விடையாக இருந்திருக்கும். அம்மொழியைக் கற்றவர்க்கு உள்ளூரில் எழுத்தர் பணி கிடைத்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து கப்பலேறிச் சைகோன் நகரை அடைந்து, பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசுப் பணி பெற்றோரும் பலர்.

1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய அரசின் ஆட்சிப் பொறுப்பில் வந்தது. 1956-இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று அவ்வுடன்படிக்கை கூறியது. பின்னர் 1965-இல் புதுச்சேரிப் பகுதிக்கென ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டுத் தமிழ் உரிய இடத்தைப் பெற்றது. அலுவலகங்களில் ஆங்கிலமும் வந்து அமர்ந்தது. இந்தோசீனாவிலோ 1954-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றது. எந்தப் பாடம் எல்லாவற்றினும் பயனுடையது என்று இரண்டு தலைமுறையினர் ஐயமின்றி நம்பினரோ, அந்தப் பாடத்தின் சந்தை பத்தே ஆண்டுகளில் சுருங்கிவிட்டது. விடுதலை வந்ததில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை, மகிழ்வதற்கே இடமுண்டு. எனினும், அந்த 1954-இல் உயர்வகுப்பில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன், தான் பணிக்கெனவே மனப்பாடம் செய்த வினைச்சொல் வாய்பாடுகளை வைத்துக்கொண்டு என்ன எண்ணியிருப்பான்? அம்மொழியின் கதைகளையும் நாடகங்களையும் சுவைத்துப் படித்தவனுக்கு அவை எஞ்சி நின்றன. பணிக்காக மட்டும் படித்தவனுக்குப் பணியும் இல்லை, படிப்பும் இல்லை.

காரைக்காலின் எல்லைக்கு அப்பால், சென்னை மாநிலத்தில், அதே காலத்தில் பயன் பற்றிய வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1953-ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராசாசி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் கற்க வேண்டும். எஞ்சிய பொழுதில் தத்தம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அத்திட்டத்தின் சாரம். பள்ளியில் இரு முறை வகுப்பு நடத்தினால் மேலும் பல பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பதும், உடலுழைப்பை மாணவர் இகழாதிருப்பர் என்பதும் அதனை ஆதரித்தோர் கூற்று. எதிர்த்தோர் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். குயவர் மகன் சக்கரத்தைச் சுற்றவும், சலவைத் தொழிலாளி மகன் வெள்ளாவி வைக்கவும் பழகினால், அவர்களுடைய பேரனும் அவ்விடத்திலேயே நிற்பான் அல்லனோ என்று அவர்கள் வினவினர். எதிர்ப்பு வலுத்தது. இராசாசி பதவி விலகினார். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வழக்கில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாடத்தின் பயனை அளக்கும்போது, யாருக்குப் பயன் என்பதையும், அதை முடிவு செய்பவர் யார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கின்றது. "உன் பிள்ளைக்கு நிலநூல் எதற்கு? வலை பின்னத் தெரிந்தால் போதாதோ?" என்று கேட்பவர், பெரும்பாலும் தம் பிள்ளையைப் பற்றி அவ்வாறு கேட்பதில்லை.

தொழிற்கல்வி தாழ்ந்ததென்று இதனால் கொள்ளலாகாது. கழனியும் வாய்க்காலும் நிறைந்த காரைக்காலில் 1987-ஆம் ஆண்டு வேளாண்மைக் கல்லூரி தோன்றியது. மண்ணையும் பயிரையும் முறையாகக் கற்ற இளைஞர் அங்கிருந்து வெளிவருகின்றனர். ஆனால் அவ்விளைஞரும் வேதியியலையும் உயிரியலையும் பள்ளியில் கற்ற பின்னரே அக்கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பன்னிரண்டு வயதில் அப்பாடங்களைக் கற்றபோது எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

ஜூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1843-இல் பிறந்த அவர், பிரெஞ்சு இந்தியாவில் வளர்ந்த இளமையில் தமிழ் கற்றார். பின்பு பிரான்சில் வனவியல் பயின்று காட்டு அலுவலராகப் பணியாற்றினார். பிரான்சு நாட்டுக் காடுகளில் மரங்களைக் கணக்கிடுவதற்குத் தமிழ் எவ்வாற்றானும் உதவியிராது. ஆயினும் அவர் அதைக் கைவிடவில்லை. பாரிசு நகரின் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் பயிற்றும் ஆசிரியராக அவரை உயர்த்தியது அந்தப் பயனற்ற படிப்பே. பழஞ்சுவடிகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையருக்கு, பாரிசிலிருந்து அவர் 1891-இல் தமிழிலேயே கடிதம் எழுதினார். இங்குள்ளோர் பலர் பிரெஞ்சைப் பணிக்காகக் கற்றுக்கொண்டிருந்த நாளில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் தமிழை விருப்பத்தால் காத்தது வியப்பே.

"இவ்வாறு கூறுவதும் முடிவில் பயனையே தேடுவதன்றோ?" என்று ஒரு மாணவன் இடைமறித்துக் கேட்பின், அவன் கேட்பது சரியே. வின்சோன் பாரிசில் ஆசிரியராகாமற் போயிருந்தாலும் அவர் கற்ற தமிழ் வீணன்று. காரைக்கால் அம்மையாரை நினைக்கலாம். ஊதியத்தையும் இழப்பையும் நாள்தோறும் எண்ணும் வணிகர் குடியில் பிறந்தவர் அவர். அவர் இயற்றிய அற்புதத் திருவந்தாதி எந்தப் பேரேட்டில் வரவு வைக்கத் தக்கது? இருந்தும் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவிற்கு அவ்வூரில் மக்கள் கூடுவது அந்த அம்மையார் பொருட்டே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. தாய்லாந்தின் புக்கெட்டுத் தீவில், மாய்காவோ கடற்கரையில், பெற்றோருடன் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த டில்லி சுமித் என்னும் பத்து வயதுச் சிறுமி, கடல்நீர் நுரைத்துக் கொப்புளிப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் நிலநூல் ஆசிரியர் ஆழிப்பேரலையின் அறிகுறிகளை விளக்கியிருந்தார். அவள் அலறினாள், தாய் முதலில் நம்பவில்லை, தந்தை காவலரிடம் சொன்னார். கரையிலிருந்த நூறு பேர் அளவினர் அகற்றப்பட்டனர். அக்கரையில் ஒருவரும் மாளவில்லை. குளிர்நாட்டு வகுப்பறையில் அப்பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுள், அது தேர்வுக்கன்றி வேறெதற்கேனும் ஆகும் என்று எண்ணியவர் எவரும் இருந்திரார்.

அவ்வலை காரைக்கால் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. ஓடிப் பிழைக்க அது போதிய நேரம். ஆனால் அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய மையம் அமைந்தது 2007-ஆம் ஆண்டில்தான். சுமத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் தங்கள் கரைக்கும் தொடர்புண்டு என்று சொல்வார் எவருமின்றி, காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அந்த இரண்டு மணி நேரமும் மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போலவே கழிந்தது. பின்பு கடல் எழுந்தது.