காட்டு மண் நூற்புழுக்களை வாய் பார்த்துப் பிரிப்பது எப்படி?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நூற்புழு என்றாலே நெல் வேரையும் கத்தரி வேரையும் கெடுக்கும் எதிரி என்றுதான் பேச்சு. ஆனால் மண்ணில் வாழும் பல நூற்புழுக்கள் வேரைத் தொடுவதே இல்லை. பாக்டீரியா, பூஞ்சை, பிற நுண்ணுயிர்களைத் தின்று தனித்து வாழ்பவை அவை. இனப்பெயர் தெரியாவிட்டாலும், வாயைப் பார்த்தே இவற்றை வகை பிரிக்கலாம். கல்லூரி ஆய்வகத்து நுண்ணோக்கி போதும்.

1. மண் எடுத்தல்

வடகிழக்குப் பருவமழை பெய்து, மண் ஈரமாக இருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியும், கோயில் நந்தவனம் என்றால் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலும் முதலில் வேண்டும். மேல் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழம் வரை பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்துக் கலக்குங்கள். பாலித்தீன் பையில் கட்டி, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டை இணைத்து, நிழலில் வையுங்கள். காய்ந்தால் புழு வெளிவராது. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து நெல்வயல் மண்ணையும் தனியே எடுங்கள்.

2. புழுவைப் பிரித்தல்

பிளாஸ்டிக் சல்லடையில் டிஷ்யூ காகிதம் விரித்து, 100 கிராம் மண்ணை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். அடியில் ஒரு தட்டு வைத்து, மண்ணின் அடிப்பகுதி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் புழுக்கள் நெளிந்து நீருக்குள் இறங்கிவிடும். இது 1917இல் பெயர்மன் வகுத்த புனல் முறையின் எளிய வடிவம். மந்தமாக நகரும் இனங்கள் இதில் குறைவாகவே கிடைக்கும்.

3. நுண்ணோக்கியில் பார்த்தல்

நீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கியதிலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். பல புழுக்களின் தடிமன் ஒற்றைப் பட்டிழை அளவே இருப்பதால், 40 மடங்கில் தேடி 400 மடங்கில் வாயைப் பாருங்கள். நெளிந்துகொண்டே இருந்தால் கண்ணாடித் தகட்டை இலேசாகச் சூடாக்குங்கள். புழு அசைவற்று நிற்கும்.

4. வாயைப் படித்தல்

- ஊசி இல்லாத வெறும் குழல் வாய்: பாக்டீரியா தின்னி. ராப்டிட்டிஸ், செபலோபஸ் இவ்வகை. அக்ரோபிலஸின் உதட்டில் கிளைத்த நீட்சிகள் தெரியும்.
- மெல்லிய ஊசி, உணவுக்குழல் நடுவே பெரிய உருண்டை: அபெலெங்கஸ் போன்ற பூஞ்சை தின்னி.
- நுனி சாய்வாக வெட்டியது போன்ற குமிழற்ற ஈட்டி, பின்பாதி தடித்த உணவுக்குழல்: டோரிலைமஸ் வகை. இவற்றில் பல, பலவகை உணவு உண்பவை.
- பீப்பாய் போல அகன்ற வாய், உள்ளே பல்: பிற நூற்புழுக்களையும் தின்னும் மோனாங்கஸ்.
- அடியில் குமிழ்கள் உள்ள வலுவான ஊசி: பெரும்பாலும் பயிர் ஒட்டுண்ணி. நெல்வயலில் ஹிர்ஷ்மானியெல்லா இப்படித் தெரியும்.

5. எண்ணிப் பொருள் காணுதல்

கண்ணில் படும் முதல் 100 புழுக்களை வகைவாரியாக எண்ணுங்கள். 1990இல் பாங்கர்ஸ் வகுத்த 1 முதல் 5 வரையிலான அளவுகோலில், சாணம் இட்டதும் பெருகும் ராப்டிட்டிஸ் வகைக்கு 1; மெதுவாகப் பெருகி, கிளறலைத் தாங்காத டோரிலைமஸ், மோனாங்கஸ் வகைகளுக்கு 4, 5. இவை மிகுந்த மண் நீண்டகாலம் கலையாத மண்.

இனப்பெயர் உறுதியாக வேண்டுமென்றால் நான்கு சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறையை அணுகுங்கள். வாயைப் பார்க்காமல் வயலில் நூற்புழுக்கொல்லி தூவாதீர்கள். எதிரியோடு துணையும் சாகும்.