கடைக் கல்வியும் ஏட்டுக் கல்வியும்

தந்தை மறையவே, என் பால்ய நண்பன் ஏழாம் வகுப்போடு பர்கூர் ஜவுளிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். இன்று துணியைத் தொட்டே ரகம் சொல்வான். சொந்தக் கடை வைக்க, மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் கேட்டோம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றனர்!

1979இல் தொடங்கிய ‘டிரைசெம்’ திட்டம் 18 முதல் 35 வயதுவரையிலான கிராம இளைஞர்களுக்குச் சுயதொழிற் பயிற்சி அளித்தது. ஆனால் பயிற்சிக்குப் பின்னும் கணக்கு எழுதவும் கடன் பத்திரம் படிக்கவும் எழுத்தறிவு வேண்டுமன்றோ? தொழிலும் கல்வியும் வண்டியின் இரு சக்கரங்கள்.

எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எனவே கடை அடைத்தபின் இரவில் அவனுக்குப் பாடம் சொல்கிறேன். இலாப நட்டக் கணக்கில் அவனே எனக்கு ஆசான்!

மாணவ நண்பர்களே, இடைநின்ற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். இவ்விடுமுறையில் அவரைத் தேடுங்கள்.