முள் ஆடாத வண்டி: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

புதிதாகப் பட்டறை போட்டிருக்கும் தம்பிக்கு,

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. காலை பத்து மணிக்கு ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வந்து நிற்கிறது. வண்டிக்காரர் ஓய்வு பெற்றவர். துடைத்துத் துடைத்தே டேங்க் பெயின்ட் தேய்ந்திருக்கிறது. “மீட்டர் செத்துப்போச்சு தம்பி. கேபிள்தான் போயிருக்கும், மாத்திடு” என்கிறார். பட்டறைப் பையன் பத்து நிமிஷத்தில் புதுக் கேபிள் போட்டு அனுப்பிவிடுகிறான். முள்ளும் அழகாக ஏறுகிறது. நாலாம் நாள் அதே வண்டி திரும்ப வருகிறது. முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. வண்டிக்காரர் கோபப்படக்கூட இல்லை. பையனுக்கு அதுதான் இன்னும் சங்கடம்.

கேபிள் நிஜமாகவே அறுந்துதான் இருந்தது. மாற்றியதில் தப்பில்லை. ஆனால் அது ஏன் அறுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சென்னைப் பட்டறைகளில் பழைய வண்டி மீட்டருக்குப் பெரும்பாலும் நடக்கும் வைத்தியம் இதுதான். கேபிள் விலை கம்மி, வேலையும் சுலபம், அதனால் முதலில் கை அங்கேதான் போகிறது.

மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கண்ணில் நிறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 1902இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து மெட்ராஸில் புல்லட் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, டிஜிட்டல் மீட்டர் வரும்வரை, இங்கே ஓடிய பெரும்பாலான வண்டிகளில் இதே தத்துவம்தான். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிழ்த்த ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கப் பார்க்கிறது. தலைமுடி மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. கிலோமீட்டர் எண்களின் கதை வேறு. அவை காந்தத்தை நம்பியில்லை. அதே தண்டிலிருந்து சின்னப் பற்சக்கரங்கள் வழியாக நேராகவே திரும்புகின்றன.

இந்த வித்தியாசம்தான் உன் முதல் ஆயுதம், அதற்கு ஸ்பேனரே வேண்டாம். முள்ளும் எண்ணும் இரண்டும் நின்றிருந்தால் சுழற்சியே மேலே வரவில்லை. கேபிள், அதற்குக் கீழே சக்கரத்தில் கேபிளைச் சுழற்றும் வார்ம் என்ற திருகுப் பற்சக்கரம், அல்லது மீட்டர் தண்டு, இந்த மூன்றில் ஒன்று. எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால் கேபிளைத் தொடவே தொடாதே. கோளாறு மீட்டருக்குள், கிண்ணத்திலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. முள் ஆடுகிறது, எண் நின்றுவிட்டது என்றால் உள்ளே பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. வண்டிக்காரர் பெரும்பாலும் முள்ளை மட்டும்தான் பார்ப்பார். எண்ணைப் பற்றி நீதான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: “சார், முன் வீல் பஞ்சர் போட்டீங்களா?”

சிரிக்காதே. ஆர்எக்ஸ் 100இல் மீட்டர் வார்ம் முன் பிரேக் பிளேட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றும் பல்வளையத்துக்கு இரண்டு காதுகள் உண்டு. அவை டிரம்மில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். அவசரத்தில் சக்கரத்தைத் திரும்ப மாட்டுகிறவர் காதைப் பள்ளத்துக்கு நேராக வைக்காமல் அச்சை முறுக்கினால் காது நசுங்கும், அல்லது ஒடியும். சக்கரம் சுற்றும், வளையம் சுற்றாது. புல்லட்டில் மீட்டர் டிரைவ் அச்சின்மேலேயே தனிச் சிறு பெட்டியாக இருக்கிறது, ஆனால் மாட்டும்போது வரும் விபத்து அதே ஜாதிதான். “போன வாரம் வரைக்கும் நல்லா ஓடிச்சு, வீல் கழட்டினதிலிருந்து இல்ல” என்று ஒருவர் சொன்னால், பாதி ரோக நிர்ணயத்தை அவரே செய்து கையில் கொடுத்துவிட்டார்.

இனி கை வேலை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்குக் கீழே கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கு. மீட்டர் பக்கத்து நட்டைக் கழற்றிக் கேபிள் முனையை வெளியே எடு. சக்கரத்தை முன்பக்கமாகக் கையால் சுற்று. கேபிளுக்குள் சுழலும் கம்பியான இன்னரின் சதுர முனை சுற்றுகிறதா? சுற்றினால் கீழே எல்லாம் சரி, மேலே பார். சுற்றாவிட்டால் கீழ்ப்பக்கமும் கழற்றி இன்னரை உருவிப் பார். அறுந்ததா, சதுர முனை தேய்ந்து உருண்டையாகிவிட்டதா, துருப்பிடித்து வெளிக் குழாயான அவுட்டரோடு ஒட்டிக்கொண்டதா? இன்னர் முழுசாக இருக்கிறது என்றால் டார்ச் அடித்துப் பிரேக் பிளேட்டுக்குள் பார். வார்ம் பிளாஸ்டிக்காக இருந்தால் பல் வழித்துக்கொண்டு போயிருக்கும்.

அந்தப் பத்து மணி வண்டிக்கு வருவோம். அறுந்த இன்னரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அதன் மேல் முனையோடு ஒரு விரல் நீளத் துண்டு போதும். அதை மீட்டருக்கு அடியில் செருகி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சரசரவென்று உருட்ட வேண்டும். நல்ல மீட்டர் என்றால் தடையே தெரியாது, முள் துள்ளி எழும். அந்த ஆர்எக்ஸில் உருட்டினால் மணல் அரைக்கிற மாதிரி இருந்திருக்கும். மீட்டர் தண்டு சுழலும் உறையான புஷ் காய்ந்து இறுகிவிட்டது. அது பழைய கேபிளையும் அறுத்தது, புதுக் கேபிளையும் அறுத்தது. சிலர் அறுந்த இடத்தைப் பார்த்துக் கோளாறு எங்கே என்று சொல்வார்கள்: கீழே அறுந்தால் கீழே, மேலே அறுந்தால் மேலே. அதை முழுசாக நம்ப வேண்டாம். மீட்டர் இறுகினாலும், வழியெல்லாம் உராய்வு சேர்ந்து, முறுக்கின் முழுச் சுமை சக்கரப் பக்கத்தில்தான் விழுகிறது; ஆகவே மேலே உள்ள கோளாறு கீழே கேபிளை அறுக்கும். டிரில் மெஷினில் இன்னரை மாட்டிச் சுற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. பரவாயில்லை, ஆனால் வண்டி முன்னால் போகும்போது இன்னர் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில், மெதுவாக. எதிர்த்திசையில் சுற்றினால் இன்னரின் கம்பிச் சுற்றுகள் பிரியக்கூடும்.

முள் கிடுகிடுவென நடுங்குகிறது என்று வந்தால் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது. மெலிசான கிரீஸை இன்னரின் கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும் தடவு. மேல் முனை வரை தடவினால் கிரீஸ் சுற்றிச் சுற்றி ஏறி மீட்டருக்குள் போய், காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டும். அப்புறம் பாண்டி பஜார் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே வண்டி நூறு காட்டும்.

இந்த ஊருக்கென்று ஒரு தனி நோய் தண்ணீர். கேபிளின் கீழ் முனைதான் தாழ்வான இடம், நுழைந்த தண்ணீரெல்லாம் அங்கே வந்து தங்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரையேறியபோது கோட்டூர்புரம் பக்கம் டேங்க் வரை மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. மூழ்கிய வண்டியின் எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றினார்கள். முன் டிரம்மைத் திறந்து, பால் விட்ட காபி நிறத்துக்குப் போயிருக்கும் வார்ம் கிரீஸைத் துடைத்தெடுத்தவர்கள் கொஞ்சம்தான். பெசன்ட் நகர் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்குத் துருப்பிடிக்க வெள்ளமே வேண்டாம்.

கோளாறு மீட்டருக்குள்தான் என்று தெரிந்தால், விளிம்பு வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதே. ஸ்பிரே ஆயிலும் அடிக்காதே, அது ஸ்பிரிங்கை ஒட்டவைக்கும். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் விசாரித்தால் மீட்டர் மட்டுமே பார்க்கும் ஆள் கிடைப்பார். அங்கே போகும்போது பளபளவென்று தொங்கும் வேறு மீட்டரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஜப்பானிய வழி மீட்டர்கள் பல, கேபிள் நிமிஷத்துக்கு 1,400 சுற்று சுற்றினால் மணிக்கு 60 கிலோமீட்டர் காட்டும்படி செய்தவை. கணக்குப் போட்டுப் பார்: 60 என்றால் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆர்எக்ஸின் முன் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் போகும். ஆக, சக்கரம் ஒரு சுற்றுக்குக் கேபிள் சுமார் இரண்டரைச் சுற்று. இன்னர் முனையில் ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டி, சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றி எண்ணினால் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். புல்லட்டின் 19 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டர் போகும். அதன் டிரைவ் வேறு, மீட்டரும் வேறு. ஒன்றுக்கு ஒன்று மாட்டினால் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும். சென்னைக்குள் இரு சக்கர வண்டிக்கு வேக வரம்பு 50தான் என்று போக்குவரத்துப் போலீஸ் 2023 நவம்பரில் அறிவித்த பிறகு, அந்தப் பொய்க்கு அபராதமும் உண்டு.

வண்டியைக் கொடுப்பதற்கு முன், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார். கேபிள் எங்கேயாவது இழுபட்டால் அப்போதே தெரியும். பிறகு மந்தைவெளியிலிருந்து திரு.வி.க. பாலம் வழியாக அடையாறு சிக்னல் வரை ஒரு ரவுண்டு. வண்டிக்காரரைப் பின்னால் உட்காரவைத்து, ஃபோனில் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கச் சொல். மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது, ஐ.நா.வின் வாகன விதி 39உம் அதைத்தான் கேட்கிறது. மீட்டரையே மாற்றியிருந்தால், பழைய மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைத் தேதியோடு பில்லில் எழுதிக் கொடு. நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிறவர் புது மீட்டரின் எண்ணை மட்டும் பார்த்து விலை பேசுவார்.