வேதபாடம்: பொற்பட்டத்தில் யாருடைய பெயர்?

 

இந்த மாதத் தியானத்துக்கு யாத்திராகமம் 28-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுவோம். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், அதிகப் பிரயோஜனமாயிருக்கும். 36-ம் வசனத்தில், பிரதான ஆசாரியனாகிய ஆரோனுடைய பாகையின் முகப்பில் கட்டும்படி பசும்பொன்னால் ஒரு தகடு செய்யச் சொல்லுகிறார் தேவன். அந்தத் தகட்டுக்கு நம் தமிழ் வேதம் 'பட்டம்' என்று பெயர் கொடுக்கிறது.

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த வார்த்தை புதுசா என்ன? பழையகோட்டைப் பட்டக்காரர், காடையூர்ப் பட்டக்காரர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நெற்றியில் கட்டும் பொன் தகட்டுக்குத்தான் ஆதியில் பட்டம் என்று பெயர். அதைக் கட்டிவிட்டால் ஒருவன் பதவிக்கு வந்தான் என்று அர்த்தம். அதனால்தான் 'பட்டம் கட்டினார்கள்' என்கிறோம், 'பட்டத்து ராணி' என்கிறோம், 'பட்டத்து யானை' என்கிறோம். நம் பிள்ளைகள் காலேஜில் படித்து வாங்குவதற்கும் பட்டம் என்றே பேர். தகடு போய்விட்டது, வார்த்தை நின்றுவிட்டது.

ஒரு மனுஷன் யார், எந்த அந்தஸ்தில் இருக்கிறான் என்று பொன்னைக் காட்டிச் சொல்லும் வழக்கம் நம் தேசத்தில் மிகப் பழையது. அந்தக் காலத்துத் தமிழ் ராஜாக்கள் படைத்தலைவனுக்கு ஏனாதி என்ற பட்டமும் அதற்கென்று ஒரு மோதிரமும் கொடுத்தார்கள். வணிகனுக்கு எட்டி என்ற பட்டத்தோடு எட்டிப்பூ என்கிற பொற்பூ கொடுத்தார்கள். பாடிவந்த பாணனுக்குப் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் என்று பட்டங்கள் வந்தன. 1911 முதல் அவற்றோடு கழுத்தில் தொங்கவிட ஒரு பதக்கமும் சேர்ந்தது. 1950-ல் நம் அரசியல் சட்டம் வந்தபோது, அதன் 18-வது பிரிவு இப்படிப்பட்ட பட்டங்களை அரசு கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. படிப்புக்கும் இராணுவ சேவைக்கும் உரியவற்றுக்கு மட்டும் இடம் வைத்தது.

சட்டம் நிறுத்தியது. மனுஷ இருதயம் நிறுத்தியதா? அதைத்தான் இன்றைக்கு வேத வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோம்.

1. கொடுத்தவன் யார் என்று பார்

ஒரு அடையாளச் சின்னம் அதை அணிந்தவனைப் பற்றிச் சொல்லுவதைவிட, கொடுத்தவனைப் பற்றித்தான் அதிகமாய்ச் சொல்லும். காந்தி அவர்களுக்கு 1915-ல் 'கெய்சர்-இ-ஹிந்த்' தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தியாவின் சக்கரவர்த்தி என்பது அந்தப் பெயரின் அர்த்தம். 1920-ல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்? இனி நான் உன் ஆள் அல்ல என்று சொல்லுகிறவன் உன் பதக்கத்தை மார்பில் வைத்துக்கொள்ள முடியாது.

தானியேல் 5-ம் அதிகாரத்தைப் பாருங்கள். சுவரில் எழுதினதை வாசிக்கிறவனுக்கு இரத்தாம்பரமும் கழுத்துக்குப் பொற்சரப்பணியும் ராஜ்யத்தில் மூன்றாம் இடமும் உண்டு என்று பெல்ஷாத்சார் அறிவிக்கிறான். அது ஏன் மூன்றாம் இடம்? நபோனிதுஸ் என்கிற ராஜாவின் மூத்த மகன் பெல்ஷாத்சார் என்று பாபிலோனின் களிமண் எழுத்துக்கள் சொல்லுகின்றன. தகப்பன் முதலிடம், மகன் இரண்டாமிடம். மீதி இருந்தது மூன்றாமிடம்தான். வேதம் எவ்வளவு துல்லியம் பார்த்தீர்களா! அல்லேலூயா!

தானியேல் அந்த வெகுமதி எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வாசித்தான். ஆனாலும் ராஜா அவன் கழுத்தில் பொன்னைப் போடச் சொன்னான். அந்த ராத்திரியே ராஜா கொலை செய்யப்பட்டான், பாபிலோன் விழுந்தது. கி.மு. 539-ல் நடந்தது இது. விடிந்தபோது அந்தப் பொற்சரப்பணிக்கு என்ன மரியாதை? கொடுத்தவனே இல்லை! கொடுத்தவனோடு போய்விடும் கனத்துக்காக ஓடாதிருங்கள், பிரியமானவர்களே.

2. ரெகொபெயாமின் கவரிங்

1 இராஜாக்கள் 10:16-ல் சாலொமோன் அடித்த பொன்னால் 200 பெரிய பரிசைகள் செய்தான். ஒரு பரிசைக்கு 600 சேக்கல் பொன். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்தால், ஒன்றுக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் 800 பவுனைத் தாண்டும்! யுத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவா இது? ராஜாவின் மகிமையைக் காட்டுவதற்கு.

14-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷத்தில் எகிப்தின் ராஜா சீஷாக் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனான். ரெகொபெயாம் என்ன செய்திருக்க வேண்டும்? முழங்காலில் நின்று, ஆண்டவரே, மகிமை ஏன் போயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் 27-ம் வசனத்தில் அவன் வெண்கலத்தால் பரிசைகள் செய்கிறான்! ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அவற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முடிந்ததும் திரும்ப அறையில் வைத்துவிடுவார்கள். அதே ஊர்வலம், அதே வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேதத்தில் நாம் பார்க்கிற கவரிங் இதுதான்!

உடுமலைப் பக்கத்தில் கவரிங் போடுகிற வீடுகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். போர் போடவும் விதைக்கும் உரத்துக்கும் நகை பேங்குக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தாய்ப் போனால் நாலு பேர் பேசுவார்கள் என்று கவரிங் மாட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லவே மாட்டேன். நான் கேட்பது சபையைப் பார்த்து. ஆதி அன்பு போய்விட்ட இடத்தில், ஜெபம் குறைந்துவிட்ட இடத்தில், அபிஷேகத்துக்குப் பதிலாக ஆம்ப்ளிபயர் சத்தத்தை வைத்து ஊர்வலம் நடத்துகிறோமா? பொன் போனதற்கு அழாமல், வெண்கலத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறோமா?

3. ஆரோனின் பெயர் எங்கே?

இப்பொழுது ஆரோனிடத்துக்கு வருவோம். அவன் உடையில் பொன் உண்டு, இரத்தினங்கள் உண்டு, எழுத்தும் உண்டு. அந்த எழுத்துக்களைக் கவனித்து வாசியுங்கள்.

அவன் இரண்டு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள். அவற்றில் இஸ்ரவேல் புத்திரரின் 12 நாமங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு (9-12 வசனங்கள்). அவன் மார்ப்பதக்கத்தில் பொன் குவளைகளில் பதித்த 12 கற்கள். அவற்றிலும் 12 கோத்திரங்களின் நாமங்கள் (17-21 வசனங்கள்). நெற்றியில் கட்டிய பொற்பட்டத்திலோ, இது கர்த்தருக்கென்று பரிசுத்தமாக்கப்பட்டது என்கிற எழுத்து. தோளில் ஜனங்கள், இருதயத்தில் ஜனங்கள், நெற்றியில் கர்த்தர். ஆரோன் என்ற பெயர் எங்கே? தேடிப் பாருங்கள். தலை முதல் கால் வரைக்கும் ஒரு இடத்திலும் இல்லை!

உலகத்தின் பட்டம் 'நான் யார் தெரியுமா' என்று சொல்லும். தேவன் கட்டின பட்டம் 'நான் யாருடையவன்' என்று சொல்லும். 38-ம் வசனத்தின்படி, ஜனங்களின் காணிக்கைகளிலுள்ள குற்றத்தைச் சுமப்பதற்காகவே அதை அவன் நெற்றியில் கட்ட வேண்டியிருந்தது. அது சுமை தூக்குகிறவனின் அடையாளம்.

இன்னொரு இரகசியமும் உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், அவன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவான். அன்றைக்கு என்ன உடை? லேவியராகமம் 16:4-ல் சணல்நூல் அங்கி, சணல்நூல் சல்லடம், சணல்நூல் இடைக்கச்சை, சணல்நூல் பாகை. பொன்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஜனங்கள் முன்பாகப் பொன் வஸ்திரம், தேவ பிரசன்னத்துக்குள் வெறும் நூல் வஸ்திரம். அங்கே ஒருவரும் பதவியோடு நுழைய முடியாது.

4. நம் சபைக்குள் வருவோம்

பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை அணியாமை ஒரு ஒழுங்கு. 1 பேதுரு 3:3-4, 1 தீமோத்தேயு 2:9 வசனங்களின்படி நம் முன்னோர் அதைக் கைக்கொண்டார்கள். நானும் அந்த ஒழுங்கில்தான் நிற்கிறேன், அதை மாற்ற இதை எழுதவில்லை. தோட்டக்காரர் மனைவியும் அந்தத் தோட்டத்தில் களையெடுக்கிற சகோதரியும் ஒரே பாயில் சமமாய் உட்காருகிறார்களே, அது எவ்வளவு பெரிய சாட்சி!

ஆனால் ஞானஸ்நான வகுப்பில் அமராவதி ஆத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு இளம் சகோதரி என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க பாஸ்டர், கழுத்துல ஒண்ணுமில்லாம போனா ஊருக்குள்ள, அடகு வெச்சுட்டாளா, இல்ல புருஷன் உட்டுட்டுப் போயிட்டானான்னு பேசறாங்க. போட்டுட்டு சபைக்கு வந்தா, இவ இன்னும் இரட்சிக்கப்படலைன்னு இங்க பாக்கறாங்க. நான் எங்கீங்க போறது?"

நான் சொன்னேன்: "கண்ணு, ஆண்டவர் உன் கழுத்தை எண்ணிப் பார்த்து உன்னைக் கூப்பிடலை. அவர் பேரை உன் நெத்தியில எழுதத்தான் கூப்பிட்டிருக்கார். முதல்ல அது எழுதப்படட்டும். மத்ததை அவரே உனக்கு உணர்த்துவார். அதுவரைக்கும் உன்னை யாரும் அளக்கக் கூடாது."

தேவ பிள்ளைகளே, யாக்கோபு 2-ம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்த சபையை அப்போஸ்தலன் கடிந்துகொள்ளுகிறார். நாம் அதைத் திருப்பிப் போட்டு, பொன் போடாதவர்களுக்கு நல்ல இடம், போட்டவர்களுக்குக் கடைசி இடம் என்று வைத்தால், பட்சபாதம் போயிற்றா? இல்லையே! வெறுங்கழுத்தும் ஒரு பொற்பட்டம் ஆகிவிட்டது. பரிசேயனுக்குப் பொன் தேவையில்லை, தன் தாழ்மையையே அவன் நெற்றியில் கட்டிக்கொள்ளுவான்.

இன்னும் வேதனையான காரியம் ஒன்று. "நாங்க விசுவாசிங்க, நகையெல்லாம் கேக்கறதில்லைங்க. பொண்ணுக்கு நீங்க செய்யறதை ரொக்கமாக் குடுத்துருங்க" என்று சம்பந்தம் பேசுகிற வீடுகள் நமக்குள் உண்டா இல்லையா? வரதட்சணையை 1961-ம் வருஷச் சட்டமே குற்றம் என்கிறது. கழுத்தில் இல்லாத பொன் பாஸ்புக்கில் இருந்தால் அது பரிசுத்தமா? பெண்ணைப் பெற்றவன் கண்ணீரைக் கர்த்தர் பார்க்கிறார்.

ஊழியக்காரருக்கும் ஒரு வார்த்தை. நாம் மோதிரத்தைக் கழற்றினோம். ஆனால் போஸ்டரில் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டங்கள்! பணம் கட்டி வாங்கின டாக்டர் பட்டம் எதற்கு? திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆபத்திலிருந்த பிள்ளைகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கு 1919-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. நிந்திக்கப்பட்ட என் ஆண்டவருக்குக் கிடைக்காத கனம் எனக்கு எதற்கு என்பது அவர்கள் மனபாரம். வேண்டாம் என்று சொல்ல அனுமதி கேட்டு ஆளுநருக்கு எழுதினார்கள். மறுத்தால் மரியாதைக் குறைவாகும் என்று மற்றவர்கள் சொன்னதால் கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதைச் சூட்டும் விழாவுக்குச் சென்னைக்குப் போகவேயில்லை. தோளிலும் இருதயத்திலும் பிள்ளைகளின் பெயர்கள் எழுதியிருந்தவர்களுக்குப் பதக்கம் தொங்கவிட இடமில்லை!

5. குதிரை மணியிலும் சமையல் பானையிலும்

பொற்பட்டத்தின் எழுத்து ஆரோனோடு முடிந்துவிட்டதா? சகரியா 14:20-21 வாசியுங்கள். ஒரு நாள் வரும், அன்றைக்கு அதே எழுத்து குதிரைகளின் மணிகளிலே இருக்கும் என்கிறார் தீர்க்கதரிசி. எருசலேமிலும் யூதாவிலுமுள்ள பானைகளெல்லாம் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்குமாம். பிரதான ஆசாரியன் ஒருவன் நெற்றியில் மட்டும் இருந்த எழுத்து குதிரையின் கழுத்துக்கு இறங்கி வருகிறது! நம்ம பாஷையில் சொன்னால், காங்கேயம் காளையின் சலங்கையில் அந்த எழுத்து. அடுப்படியில் சோறு வடிக்கிற பானையும் பரிசுத்தம். பால் ஊற்றுகிறவர் அளவு குறைக்காமல் ஊற்றும்போது, சந்தையில் தக்காளிப் பெட்டியின் அடியிலும் மேலிருப்பதுபோலவே நல்ல பழம் இருக்கும்போது, மில்லில் ஷிப்டு முடித்து வந்த புருஷன் வீட்டில் கடுஞ்சொல் பேசாதபோது, அங்கே அந்த எழுத்தை ஜனங்கள் வாசிப்பார்கள்.

வெளிப்படுத்தல் 22:4 அதன் முடிவைக் காட்டுகிறது. அவருடைய ஊழியக்காரர் எல்லாருடைய நெற்றியிலும் அவருடைய நாமம்! இன்றைக்கோ எபேசியர் 1:13-ன்படி பரிசுத்த ஆவியாகிய முத்திரை நமக்கு உண்டு. இந்த முத்திரை அடகுக்குப் போகாது, சீஷாக் வந்தாலும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கெட்டுப்போய்த் திரும்பி வந்த இளைய குமாரன் கையில் தகப்பன் மோதிரம் போட்டாரே (லூக்கா 15:22), அவன் என்ன சாதித்தான் என்று போட்டார்? மகன் என்பதற்காகப் போட்டார். அதுதான் கிருபை!

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். என் தோளில் யாருடைய பாரம் இருக்கிறது? என் இருதயத்தில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன? சபைக்குப் புதிதாய் வந்தவர்களை நான் முதலில் எங்கே பார்க்கிறேன், கழுத்தையா, கண்ணீரையா? என் வீட்டுக் கல்யாணப் பேச்சில் கர்த்தருடைய நாமம் கனப்பட்டதா?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, என் பெயரை நானே எழுதிக் கட்டிக்கொண்ட பட்டங்களை உம்முடைய பாதத்தில் கழற்றி வைக்கிறேன். உம்முடைய நாமத்தை என் நெற்றியிலும், உம்முடைய ஜனத்தை என் இருதயத்திலும் எழுதும். என் வீட்டுப் பானையும் உமக்குப் பரிசுத்தமாயிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென். அல்லேலூயா!