பல்பு வெளிச்சத்தில் மோதிய காலக்ஸிகள்



"கோடிக்கணக்கான வருஷம் ஆகுற காரியத்தை யாருடா உட்கார்ந்து பார்த்தது?"

இரண்டு காலக்ஸிகள் மோதி ஒன்றாகும் என்று நான் சொன்னபோது, கொத்தனார் வேலை பார்க்கும் என் அப்பா கேட்ட கேள்வி இது. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் பதில் தெரியாமல் முழித்தேன். பிறகு தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் பால்வீதி, தட்டு மாதிரி சுழலும் சுருள் காலக்ஸி. நீள்வட்ட காலக்ஸி அப்படியில்லை. முட்டை வடிவம். அதில் நட்சத்திரங்கள் திசைக்கொன்றாய் ஓடும். புது நட்சத்திரம் பிறப்பதும் மிகக் குறைவு. இது எப்படி உண்டாகிறது?

1941-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி எரிக் ஹோம்பெர்க், கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு சோதனை செய்தார். காலக்ஸிக்கு 37 பல்பு வீதம் மொத்தம் 74. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். ஈர்ப்பு விசையும் அப்படித்தானே! ஆகவே ஒவ்வொரு பல்பின் இடத்திலும் போட்டோசெல் வைத்து வெளிச்சத்தை அளந்தார். அதையே விசையாகக் கொண்டு பல்புகளை நகர்த்தினார். மறுபடி அளந்தார். நெருங்கி வரும் காலக்ஸிகள் உருக்குலைந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியும் என்று கண்டார்.

1972-ல் அலார் தூம்ரே, ஜூரி தூம்ரே சகோதரர்கள் கம்ப்யூட்டரில் காலக்ஸிகளை நெருங்க விட்டனர். வானத்தில் சில காலக்ஸிகளுக்கு இருக்கும் நீண்ட வால் கணக்கிலும் வந்தது. சுருள் காலக்ஸிகள் இணைந்து நீள்வட்டம் பிறக்கலாம் என்று 1977-ல் அலார் சொன்னார்.

ஆனால் கணக்கு சும்மா இல்லை. 74 புள்ளிக்கு 2,701 ஜோடி. 1 லட்சம் புள்ளிக்குச் சுமார் 500 கோடி ஜோடி, அதுவும் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும்! 1986-ல் ஜோஷ் பார்ன்ஸ், பியட் ஹட் இருவரும் வழி சொன்னார்கள்: தூரத்தில் இருக்கும் கூட்டத்தை ஒரே புள்ளியாக எடுத்துக்கொள். வேலை பல மடங்கு குறைந்தது.

இப்படிப் போட்ட கணக்குகள் காட்டுவது என்ன? மோதலில் நட்சத்திரங்கள் அநேகமாக முட்டிக்கொள்வதே இல்லை. மாறும் ஈர்ப்பில் அவற்றின் பாதைகள் கலைகின்றன. தட்டு குலைந்து முட்டை வடிவம் வருகிறது. வாயு நடுவில் குவிந்து, வேகமாக நட்சத்திரங்களாகிச் செலவாகிறது. பெரிய நீள்வட்ட காலக்ஸிகள் பின்னாலும் சின்னவற்றை விழுங்கி வளர்கின்றன. கணக்கில் வந்ததை வானத்தோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கிறார்கள்.

பல்பும் போட்டோசெல்லும் நம்ம லேபிலும் தொடுகிற சாமான்தான் நண்பர்களே! விதி தெரிந்து, ஒழுங்காக அளந்தால், பார்க்க முடியாததையும் கண்டுபிடிக்கலாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நூல் புடிச்சுப் பார்த்துத்தான் சொல்றாங்களா? அப்ப சரி."

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு